குத்துச்சண்டையில் யார் பெரிய ஆள்? காலமும் எடையும் தாண்டி வாதாட ஒரு முழுமையான வழிகாட்டி

1969-இல் அமெரிக்காவின் மயாமியில், ஒரு ஸ்டுடியோவுக்குள் ரிங் கட்டி இரண்டு பேரை மோதவிட்டார்கள். ஒருவர் முகமது அலி. ராணுவத்தில் சேர மறுத்ததால் உரிமம் பறிபோய், சண்டையே இல்லாமல் இருந்த காலம் அது. இன்னொருவர் ராக்கி மார்சியானோ. வயது 45, ஓய்வு பெற்று 13 வருடம். தலை வழுக்கையை மறைக்க விக் வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஒரு நிமிட ரவுண்டுகளாக எழுபதுக்கு மேல் எடுத்து, எல்லா வகையான முடிவுகளையும் படம்பிடித்துக்கொண்டார்கள். எதைக் காட்டுவது என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கும் என்று விளம்பரம். 1970 ஜனவரியில் படம் வந்தது. அமெரிக்கத் தியேட்டர்களில் 13-ஆம் ரவுண்டில் மார்சியானோ நாக் அவுட்டில் ஜெயித்தார். ஐரோப்பாவுக்குப் போன பிரதியில் அலி ஜெயித்தார். மார்சியானோ எதையும் பார்க்கவில்லை. 1969 ஆகஸ்ட் 31 அன்றே விமான விபத்தில் இறந்துபோயிருந்தார்.

ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் நம் வாதங்கள் பெரும்பாலும் அந்தக் கம்ப்யூட்டர் மாதிரிதான் நடக்கின்றன. யார் ஊரில் பேசுகிறோமோ அந்த ஊர்க்காரர் ஜெயிக்கிறார். இதைக் கொஞ்சம் ஒழுங்காகச் செய்ய வழி இருக்கிறது. முடிவு எல்லோருக்கும் ஒன்றாக வராது. ஆனால் நீங்கள் ஏன் அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பது எதிரில் இருப்பவருக்குப் புரியும்.

முதல் படி: எந்தக் கேள்வி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

‘பெரிய ஆள்’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று: இருவரையும் ஒரே ரிங்கில் ஏற்றினால் யார் ஜெயிப்பார்?

இரண்டு: தன் வாழ்நாளில் யார் அதிகம் சாதித்தார்?

மூன்று: உச்சத்தில் இருந்தபோது, தன் எடையில், யாருடைய ஆட்டம் சிறந்தது?

சண்டை முற்றுகிற இடங்களைக் கவனித்துப் பாருங்கள். ஒருவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார், மற்றவர் இரண்டாவதற்கு. மார்சியானோவை எடுத்துக்கொள்வோம். சாம்பியனாக இருந்தபோது அவர் எடை 185 பவுண்டை ஒட்டி, அதாவது சுமார் 84 கிலோ. இன்று 200 பவுண்டு வரை க்ரூஸர்வெயிட் என்று தனி வகுப்பு இருக்கிறது. அவர் அதற்குள்ளேயே அடங்கிவிடுவார். டைசன் ஃப்யூரி 6 அடி 9 அங்குலம், எடை 260 பவுண்டுக்கு மேல். முதல் கேள்வி என்றால் பேச்சுக்கே இடமில்லை, ஃப்யூரி என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். இரண்டாவது கேள்வி என்றால் விவாதம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் எப்போதும் இரண்டாவது கேள்வியில்தான் நிற்பேன். அதற்குத்தான் ஆதாரம் இருக்கிறது. முதல் கேள்விக்கு இருப்பதெல்லாம் கற்பனை. கற்பனையில் எல்லோரும் தன் ஆளுக்கு நல்ல நாளையும் எதிராளிக்குக் காய்ச்சலையும் கொடுத்துவிடுவார்கள்.

முதல் கேள்வியில் ‘அவரை இவர் அடித்தார், இவரை உவர் அடித்தார்’ என்கிற சங்கிலிக் கணக்கையும் நம்பாதீர்கள். 1971 மார்ச்சில் ஜோ ஃப்ரேசியர் அலியை வென்றார். 1973-இல் கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து வென்றார். ஜார்ஜ் ஃபோர்மேன் கிங்ஸ்டனில் ஃப்ரேசியரை ஆறு முறை கீழே தள்ளி இரண்டாம் ரவுண்டில் முடித்தார். கராகஸில் நார்ட்டனையும் அதே இரண்டாம் ரவுண்டில். சங்கிலிக் கணக்குப்படி 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் அலி பிழைத்தே இருக்கக் கூடாது. எட்டாம் ரவுண்டில் தரையில் கிடந்தவர் ஃபோர்மேன்.

இரண்டாம் படி: எடைக்கணக்கைச் சரியாகப் போடுங்கள்

காலத்தைவிட மனிதர்கள் அதிகம் தப்புக்கணக்குப் போடுவது எடையில்தான். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பழைய காலத்தில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட எடை வகுப்புகள் எட்டு. ஃப்ளைவெயிட் 112 பவுண்டு, பேண்டம்வெயிட் 118, ஃபெதர்வெயிட் 126, லைட்வெயிட் 135, வெல்டர்வெயிட் 147, மிடில்வெயிட் 160, லைட் ஹெவிவெயிட் 175, அதற்கு மேல் ஹெவிவெயிட். இடையிடையே ‘சூப்பர்’, ‘ஜூனியர்’ என்று வகுப்புகள் முளைத்து இன்று மொத்தம் 17. அது போதாதென்று ஒவ்வொரு வகுப்புக்கும் நான்கு பெரிய அமைப்புகள்: டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ. கடைசி இரண்டும் 1980-களில் வந்தவை. அதாவது ஒரு காலத்தில் உலகத்தில் எட்டு சாம்பியன்கள். இன்று கணக்குப்படி 68 பெல்ட்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இடைக்கால சாம்பியன், ரெகுலர் சாம்பியன் என்ற கூத்தையெல்லாம் நான் சேர்க்கவே இல்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஹென்றி ஆம்ஸ்ட்ராங்கைப் பாருங்கள். 1937 அக்டோபரில் ஃபெதர்வெயிட் பட்டம். 1938 மே 31 அன்று லைட்வெயிட்டைத் தாண்டிக் குதித்து, பார்னி ராஸை அடித்து வெல்டர்வெயிட் பட்டம். ஆகஸ்டில் லூ ஆம்பர்ஸை அடித்து நடுவில் விட்டுப்போன லைட்வெயிட்டும். மூன்று பட்டங்களும் ஒரே நேரத்தில் ஒரே ஆளின் கையில். உலகத்தில் இருந்த எட்டு சாம்பியன்களில் மூன்று பேர் அவர் ஒருவரே. 1940-இல் மிடில்வெயிட் பட்டத்துக்கும் செஃபெரினோ கார்சியாவோடு மோதி டிரா செய்தார். வெல்டர்வெயிட் பட்டத்தை அவர் வென்றது லைட்வெயிட்டுக்குள் அடங்கும் உடம்போடு.

இப்போது மேனி பாக்கியாவ். எட்டு எடை வகுப்புகளில் பட்டம் என்று சொல்கிறோம். அது அசாத்தியமான சாதனை, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆம்ஸ்ட்ராங்கோடு ஒப்பிட வேண்டுமானால், பாக்கியாவின் எட்டில் எத்தனை பழைய எட்டுக்குள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஃப்ளை, ஃபெதர், லைட், வெல்டர்: நான்கு. மற்ற நான்கும் இடைவகுப்புகள். அதோடு, 2010-இல் மார்கரிட்டோவுக்கு எதிரான 154 பவுண்டு பட்டச் சண்டைக்கு 150 பவுண்டு என்று பேசிவைத்த எடை. அப்படிப் பார்த்தாலும் 112-இல் பட்டம் வாங்கியவர் 147-இல் பட்டம் வாங்கியிருக்கிறார். 51 கிலோவிலிருந்து கிட்டத்தட்ட 67 கிலோ. கணக்கைச் சரியாகப் போட்ட பிறகும் பெரிதாகவே நிற்கிற சாதனை இது. ஆனால் ‘எட்டு, மூன்றைவிடப் பெரிது’ என்று சொல்லி ஆம்ஸ்ட்ராங்கை மூட்டை கட்ட முடியாது.

எடைக்கணக்கில் இன்னொரு கண்ணி, எடை பார்க்கும் நேரம். முன்பு சண்டை நாளன்றே எடை பார்ப்பார்கள். அன்று காலை 147 என்றால் அன்று இரவும் ஏறத்தாழ அதுதான். 1980-களிலிருந்து முந்தைய நாளே பார்க்கும் வழக்கம் வந்தது. உடம்பிலிருந்து தண்ணீரை வற்றவைத்து எடை காட்டிவிட்டு, ஒரு நாள் முழுக்கக் குடித்துச் சாப்பிட்டு ஏறிக்கொள்ளலாம். 2000-ஆம் ஆண்டு ஆர்டுரோ காட்டி, ஜோயி கமாஷ் சண்டை இதற்குக் கொடூரமான உதாரணம். எடை மேடையில் 141 காட்டிய காட்டி, ரிங் ஏறும் முன் 160 இருந்தார். கமாஷ் இரண்டாம் ரவுண்டில் விழுந்தார். அதற்குப் பிறகு சண்டை போடவே இல்லை. ஆகவே ‘அந்தக் கால வெல்டர்வெயிட்டும் இந்தக் கால வெல்டர்வெயிட்டும் ஒரே எடைதானே’ என்று யாராவது சொன்னால், எந்த நாளின் எடை என்று கேளுங்கள்.

‘பவுண்ட் ஃபார் பவுண்ட்’ என்ற அளவுகோல் வருவது இங்கேதான். எடையை நீக்கிவிட்டால், ஆளுக்கு ஆள் யார் சிறந்தவர்? இந்தச் சொல் வெல்டர்வெயிட், மிடில்வெயிட் சாம்பியன் சுகர் ரே ராபின்சனோடு ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், ஹெவிவெயிட் சாம்பியன்தான் தலைவன் என்ற எண்ணத்தை அவர் ஆட்டம் பார்த்தவர்களால் ஏற்க முடியாமல் போனதே. ஆனால் எடையை முழுவதுமாக நீக்கிவிடவும் கூடாது. சின்ன ஆள் பெரிய ஆளை நிஜமாகவே அடித்தால் அது கற்பனைக் கணக்கு இல்லை, கண்ணுக்கு முன்னால் இருக்கும் ஆதாரம். க்ரூஸர்வெயிட்டிலிருந்து ஏறிவந்த ஓலெக்சாண்டர் உசிக், 2024-இல் ஃப்யூரியை இரண்டு முறை பாயின்ட்ஸில் வென்றார். டிசம்பரில் நடந்த இரண்டாம் சண்டைக்கு எடை மேடையில் உசிக் 226, ஃப்யூரி 281. மேலே ‘எழுந்து போகலாம்’ என்று சொன்ன முதல் கேள்வியிலும் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது.

மூன்றாம் படி: யாரை, எப்போது, எந்த எடையில்

என் வழிமுறையில் பாதிக்கு மேல் மதிப்பெண் இதற்குத்தான். வெற்றிகளின் எண்ணிக்கையை மூடிவைத்துவிட்டு, ஒரு தாளில் அந்த வீரரின் சிறந்த பத்து வெற்றிகளை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எதிராளியின் அப்போதைய வயது, அதற்கு முன்னும் பின்னும் அவர் சாதித்தது, எந்த எடையில் நடந்தது என்று குறியுங்கள். அரை மணி நேர வேலை. பல மாதச் சண்டைகள் மிச்சமாகும்.

மார்சியானோவின் பட்டியலில் ஜோ லூயிஸ் பெயர் வரும். பார்க்கப் பிரமாதம். பக்கத்தில் எழுதிப் பாருங்கள்: 1951 அக்டோபர், லூயிஸுக்கு 37 வயது, அவருடைய கடைசிச் சண்டை. லூயிஸ் என்ற பெயரை அடிப்பதும் 1938-இல் ஷ்மெலிங்கை 124 வினாடியில் முடித்த லூயிஸை அடிப்பதும் ஒன்றா? அதேபோல 1980-இல் லாரி ஹோம்ஸ் 38 வயது அலியை அடித்தது ஹோம்ஸின் பெருமையில் ஒரு கல்லும் சேர்க்காது. அவருக்கே அது தெரியும்.

இதற்கு நேர் எதிர் உதாரணம் எஸார்ட் சார்ல்ஸ். லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்கு அவருக்கு ஒரு வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை. பெல்ட் எண்ணிப் பெருமை அளப்பவர்கள் அந்த எடையில் அவரைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் 1946 முதல் 1948 வரை மூன்று முறை ஆர்ச்சி மூரோடு மோதி மூன்றிலும் வென்றவர் அவர். மூர் பிறகு அதே எடையில் பல ஆண்டுகள் சாம்பியனாக இருந்தார். பட்டமில்லாதவர் பட்டக்காரரை மூன்று முறை அடித்திருக்கிறார் என்றால், எது பெரிது?

ஹாரி கிரெப் இன்னொருவர். மிடில்வெயிட் உடம்பு. 1922 மே 23 அன்று தன்னைவிடப் பெரிய ஜீன் டன்னியை 15 ரவுண்டும் அடித்து நொறுக்கி வென்றார். டன்னி பிறகு ஜாக் டெம்ப்சியை இரண்டு முறை வென்று, ஹெவிவெயிட் சாம்பியனாகவே ஓய்வு பெற்றார். டன்னியின் வாழ்நாளில் ஒரே தோல்வி கிரெப்பிடம்தான். கிரெப்புக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது என்பதும், அதை மறைத்தே பல ஆண்டுகள் ஆடினார் என்பதும் பிறகு தெரிந்த விஷயம்.

நான்காம் படி: தோல்வியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

தோல்விக் கணக்கில் பூஜ்யம் என்பதன் மீது ஒரு மோகம் வந்துவிட்டது. 49-0, 50-0 என்று சட்டையிலேயே அச்சடிக்கிறார்கள். ஃப்ளாய்ட் மேவெதரின் 50-ஆவது வெற்றி, 2017-இல், வாழ்க்கையில் முதல்முறையாகத் தொழில்முறைக் குத்துச்சண்டை ஆட வந்த கானர் மெக்ரெகரின் மீது. அந்த ஒன்றை எடுத்துவிட்டாலும் மேவெதரின் பெருமை ஒரு துளி குறையாது. அதைச் சேர்ப்பதாலும் ஒரு துளி கூடாது. அப்படியானால் அந்த எண் எதை அளக்கிறது?

ராபின்சன் கணக்கில் 19 தோல்விகள். புதிதாக வருபவர் பார்த்ததும் முகம் சுளிப்பார். தேதி வாரியாகப் பிரித்தால் கதை மாறுகிறது. 1952 இறுதியில் ஓய்வை அறிவித்தபோது, 130-க்கும் மேற்பட்ட சண்டைகளுக்குப் பிறகு, தோல்விகள் மூன்றே மூன்று. ஜேக் லமோட்டா, ராண்டி டர்பின், ஜோயி மாக்சிம். மீதி 16-ம் அவர் 1955-இல் திரும்பி வந்து 44 வயது வரை ஆடியபோது விழுந்தவை.

அந்த மூன்றையும் உடைத்துப் பாருங்கள். லமோட்டாவிடம் தோற்றது 1943 பிப்ரவரி 5, டெட்ராய்ட்டில். லமோட்டா அன்று சுமார் 16 பவுண்டு கூடுதல். ராபின்சன் என்ன செய்தார்? பிப்ரவரி 19 அன்று வேறொருவரோடு ஆடி ஜெயித்தார். பிப்ரவரி 26 அன்று அதே டெட்ராய்ட்டில் லமோட்டாவையே ஜெயித்தார். மறுநாள் ராணுவத்தில் சேர்ந்தார். ஒரே மாதத்தில் மூன்று சண்டைகள்! இன்றைய சாம்பியன்கள் பலர் மூன்று சண்டைக்கு இரண்டு வருடம் எடுத்துக்கொள்கிறார்கள். டர்பினிடம் 1951 ஜூலையில் லண்டனில் தோற்று, இரண்டு மாதத்தில் நியூயார்க்கில் பத்தாம் ரவுண்டில் பழி தீர்த்தார். மாக்சிமோடு 1952 ஜூனில் லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோதினார். யாங்கி ஸ்டேடியத்தில் அன்று கொளுத்திய வெப்பத்தில் நடுவரே தளர்ந்து பத்தாம் ரவுண்டோடு இறங்கிப்போய் வேறு நடுவர் வந்தார். ராபின்சன் புள்ளிகளில் முன்னால் இருந்தும் 13-ஆம் ரவுண்டுக்குப் பிறகு எழுந்திருக்க முடியவில்லை. அன்று அவரைத் தோற்கடித்ததில் மாக்சிமுக்கு எவ்வளவு பங்கு, வெயிலுக்கு எவ்வளவு பங்கு என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

எனவே ஒரு தோல்வியைப் பார்த்தால் மூன்று விஷயம் கேளுங்கள். உச்சத்தில் இருந்தபோதா, முடிந்துபோன பிறகா? பெரிய ஆளிடமா, சமமானவரிடமா? மறுபடி மோதினாரா? லெனாக்ஸ் லூயிஸ் தன்னை நாக் அவுட் செய்த இருவரையும் மறுசண்டையில் வென்றுவிட்டுத்தான் போனார். வில்லி பெப் முதல் 62 சண்டைகள் தோல்வியில்லாமல் வந்து, ஒன்றில் தோற்று, பிறகு 73 சண்டைகள் தோல்வியே காணாமல் ஆடினார். நடுவில் 1947-இல் விமான விபத்தில் முதுகெலும்பு முறிந்து அதே வருடம் திரும்பியும் வந்தார். இவர்களுடைய கணக்கில் பூஜ்யம் இல்லை.

தோல்விக்குச் சலுகை கொடுக்கும்போது ஒரு நேர்மையும் வேண்டும். உங்கள் ஆளுக்குக் கொடுக்கும் ‘வயசாகிவிட்டது’ சலுகையை எதிராளியின் ஆளுக்கும் கொடுங்கள். ராய் ஜோன்ஸ் ஜூனியர் 2003 மார்ச்சில் ஜான் ரூயிஸை வென்று ஹெவிவெயிட் பெல்ட் எடுத்தார். மிடில்வெயிட் சாம்பியனாக இருந்தவருக்கு அது பெரும் பாய்ச்சல். அடுத்த வருடமே ஆன்டோனியோ டார்வர், க்ளென் ஜான்சன் இருவரிடமும் நாக் அவுட். அப்போது வயது 35. அதை ‘முடிந்துபோன பிறகு’ என்று எழுதுவீர்களா, ‘முதல் முறை தாடை சோதிக்கப்பட்டது’ என்று எழுதுவீர்களா? நான் இரண்டுக்கும் நடுவில் தத்தளிக்கிறேன்.

ஐந்தாம் படி: படம் பாருங்கள், படம் இல்லாதவர்களை மறக்காதீர்கள்

பேச்சைவிட வீடியோ மேல். சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். வர்ணனையாளர் உங்கள் கண்ணைத் திருடிவிடுவார். ஒவ்வொரு ரவுண்டுக்கும் நீங்களே 10-9 போடுங்கள், அதாவது ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்கு 9. பழகுவதற்கு 1987 ஏப்ரல் 6 மார்வின் ஹேக்லர், சுகர் ரே லியோனார்ட் சண்டையைவிட நல்ல பாடம் கிடையாது. ஒரு நீதிபதி 115-113 ஹேக்லருக்கு, இன்னொருவர் அதே 115-113 லியோனார்டுக்கு, மூன்றாமவர் 118-110 லியோனார்டுக்கு. மூன்று பேரும் ஒரே ரிங் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். 118-110 எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஹேக்லருக்கும் புரியவில்லை, அவர் அதற்குப் பிறகு ரிங்கில் ஏறவே இல்லை.

பார்க்கும்போது முகத்தில் விழும் குத்தை மட்டும் பார்க்காதீர்கள். காலைப் பாருங்கள். குத்திய பிறகு எந்த இடத்தில் நிற்கிறார் என்று பாருங்கள். அடி வாங்கிய அடுத்த பத்து வினாடியைப் பாருங்கள். ராபர்ட்டோ டுரானின் தலை அசைவும் மேவெதரின் தோளும் அங்கேதான் பேசும். இரண்டு, மூன்று நிமிட ‘ஹைலைட்ஸ்’ தொகுப்பை ஆதாரமாகக் கொண்டுவருபவரோடு வாதாடவே வேண்டாம். தொகுப்பில் எல்லோரும் மைக் டைசன்தான்.

மௌனப்பட காலத்து ரீல்களில் கவனம் தேவை. கையால் சுற்றி எடுத்த படத்தைத் தப்பான வேகத்தில் ஓட்டினால், ஜாக் ஜான்சன் மாதிரி நிதானமான கலைஞர்கூடப் பொம்மலாட்டம் போலத் துள்ளுவார். அதைப் பார்த்து ‘அந்தக் காலத்தில் யாருக்கும் சண்டையே தெரியாது’ என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கப்பட வேண்டியது ப்ரொஜெக்டர்.

கிரெப் ஆடிய சண்டை ஒன்றின் படம்கூட நமக்குக் கிடைக்கவில்லை. பயிற்சி செய்யும் சில காட்சிகள் மட்டும் உண்டு. சுமார் 300 சண்டைகள் ஆடியவருக்கு இந்த நிலை. அவர் கணக்கைப் படிப்பதற்கும் ஒரு சூட்சுமம் தெரிய வேண்டும். அந்தக் காலத்தில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் பாயின்ட்ஸ் தீர்ப்புக்குச் சட்டம் இடம் தரவில்லை. நாக் அவுட் இல்லையென்றால் முடிவில்லை. மறுநாள் பத்திரிகை நிருபர்கள் யார் ஜெயித்தார் என்று எழுதுவார்கள். சூதாட்டக் கணக்கும் அதை வைத்துத்தான் தீரும். அந்தப் பத்திரிகைத் தீர்ப்புகளைச் சேர்த்தால் கிரெப்பின் வெற்றிகள் 250-ஐத் தாண்டும். விட்டுவிட்டால் நூற்றுச் சொச்சம். ஒரே மனிதர், இரண்டு கணக்கு. எதைச் சொல்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.

‘நான் நேரில் பார்த்தவன்’ என்ற சாட்சியையும் எடைபோட வேண்டும். 1980-இல் அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். முதல்வராக இருந்த எம்.ஜி.ஆர். அவரைச் சந்தித்தார். அதைப் பார்த்த பெரியவர்கள் இன்றும் கண் விரியச் சொல்வார்கள். வடசென்னையில் பரம்பரை பரம்பரையாகக் கையுறை மாட்டிய ஊர் அது. கேட்கச் சுகமாக இருக்கும். ஆனால் அன்று அவர்கள் பார்த்தது ஓய்வு அறிவித்திருந்த 38 வயது அலியை, விளையாட்டாக. 1966-இல் ஹூஸ்டனில் க்ளீவ்லேண்ட் வில்லியம்ஸைச் சுற்றிச் சுற்றி மூன்றே ரவுண்டில் முடித்த அலி வேறு ஆள்.

ஆறாம் படி: காலத்துக்குச் சலுகை, காலத்துக்குத் தண்டனை

1982 நவம்பரில் ரே மான்சினியோடு மோதிய கொரிய வீரர் கிம் டுக்-கூ 14-ஆம் ரவுண்டில் விழுந்து, சில நாளில் இறந்தார். அதற்குப் பிறகு பட்டச் சண்டைகள் 15 ரவுண்டிலிருந்து 12 ஆகின. பழைய வீரர்களின் கணக்கில் 13, 14, 15-ஆம் ரவுண்டுகளில் வந்த வெற்றிகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 1941-இல் பில்லி கான், ஜோ லூயிஸை 12 ரவுண்டு வரை புள்ளிகளில் முந்திக்கொண்டிருந்தார். 13-இல் நாக் அவுட் ஆனார். இன்றைய விதிப்படி என்றால் கான் உலக சாம்பியன், லூயிஸின் 25 பட்டப் பாதுகாப்புகள் என்ற சாதனையும் இல்லை.

நிறவெறி இதைவிடப் பெரிய திருத்தம். சாம் லாங்ஃபோர்ட் ஐந்தரை அடியைக் கொஞ்சம் தாண்டிய உயரம். லைட்வெயிட்டில் தொடங்கி ஹெவிவெயிட்கள் வரை எல்லோரையும் அடித்தவர். ஹெவிவெயிட் பட்டத்துக்கு அவருக்கு ஒரு வாய்ப்புகூடத் தரவில்லை. கறுப்பினத்தின் முதல் ஹெவிவெயிட் சாம்பியனான ஜாக் ஜான்சனே, 1906-இல் ஒருமுறை லாங்ஃபோர்டை வென்றபின், சாம்பியனாக இருந்த காலத்தில் அவரோடு மோதவில்லை. டெம்ப்சிக்கு முன்னால் ஹாரி வில்ஸ் வருடக்கணக்கில் காத்திருந்தார். அந்தச் சண்டை நடக்கவே இல்லை. டெம்ப்சியைப் பெரியவர் வரிசையில் வைக்கும்போது இந்தக் கடனைக் கழித்துவிட்டு வையுங்கள். 1940-களில் சார்லி பர்லியும் பட்டச் சண்டை கிடைக்காமலே போனார்.

‘விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது, ஓட்டப்பந்தய நேரமெல்லாம் குறைந்துவிட்டது, இன்றைய ஆள்தான் மேல்’ என்ற வாதம் கட்டாயம் வரும். பாதி சரி. உணவு, மருத்துவம், எதிராளியின் வீடியோவை அலசும் வசதி எல்லாம் இன்றைக்குச் சாதகம். ஆனால் ஓட்டத்துக்குக் கடிகாரம் உண்டு; குத்துச்சண்டைக்கு எதிராளிதான் கடிகாரம். மாதம் இரண்டு முறை ரிங் ஏறியவருக்கு வரும் பழக்கம், வருடம் ஒருமுறை ஏறுபவருக்கு ஜிம்மில் வந்துவிடாது. உடம்பு வளர்ந்தது ஹெவிவெயிட்டில் மட்டுமே வெளிப்படையாகத் தெரிகிறது, அங்கே மேல் வரம்பு இல்லை. கீழே 147 என்றால் 147. அங்கே காலத்தின் சாதகத்தைப் பாதியாகக் குறைத்துத்தான் நான் கணக்கில் எடுப்பேன்.

ஏழாம் படி: செய்து பார்ப்போம்

மேவெதரா, பாக்கியாவா? மூன்று கேள்விகளையும் தனித்தனியாகப் போடுவோம்.

ஒரே ரிங்கில்? 2015 மே 2, லாஸ் வேகஸ். 118-110, 116-112, 116-112. மேவெதர். அப்போது மேவெதருக்கு 38, பாக்கியாவுக்கு 36, இருவருமே உச்சம் தாண்டியவர்கள். ஐந்து வருடம் முன்னால் நடந்திருந்தால் என்று பெருமூச்சு விடலாம், மதிப்பெண் போட முடியாது. நடந்த சண்டை ஒன்றுதான்.

ஆட்டத்தின் தரம்? மறுபடியும் மேவெதர் என்பேன். 2001-இல் டியேகோ கொராலெஸை ஐந்து முறை தரையில் உட்காரவைத்த ஆட்டத்தைப் பாருங்கள். அவர் தற்காப்புக்காரர் மட்டும்தான் என்ற பேச்சு நின்றுவிடும்.

வாழ்நாள் சாதனை? இங்கே தாளை எடுங்கள். மேவெதர் பக்கம்: கொராலெஸ், காஸ்டியோ இரண்டு முறை (முதல் முறை தீர்ப்பு இன்றுவரை சர்ச்சை), டி லா ஹோயா, ஹேட்டன், மார்க்கெஸ், மோஸ்லி, காட்டோ, கனேலோ, பாக்கியாவ். பக்கத்துக் குறிப்புகள்: மார்க்கெஸ் இரண்டு வகுப்பு ஏறிவந்தார், பேசிய 144 பவுண்டுக்கு மேவெதர் 146-இல் வந்து அபராதம் கட்டினார். கனேலோவுக்கு வயது 23, அதுவும் 152 பவுண்டுக்கு இறங்கிவந்தார். பாக்கியாவ் பக்கம்: பாரெரா இரண்டு முறை, மொராலெஸ் இரண்டு முறை (ஒரு தோல்விக்குப் பிறகு), மார்க்கெஸ் இரண்டு முறை, டி லா ஹோயா, ஹேட்டன், காட்டோ, மோஸ்லி, 40 வயதில் தர்மன். குறிப்புகள்: டி லா ஹோயா எடை வற்றிப்போய் வந்தார், மார்க்கெஸோடு நான்கு சண்டையும் நெருக்கம், நான்காவதில் நாக் அவுட் ஆனது பாக்கியாவ். ஆனால் பாரெராவையும் மொராலெஸையும் அவர்கள் இன்னும் ஆபத்தாக இருந்த காலத்தில், அவர்களுடைய எடையில் போய் அடித்தார். கிளம்பிய இடம் 112 பவுண்டு.

இரண்டாவது கேள்விக்கு என் பதில் பாக்கியாவ், அதுவும் முடி அளவில். முன்னால் உட்கார்ந்திருப்பவர் முதல் கேள்வியில் நிற்கிறார் என்றால் அவர் சொல்லும் மேவெதரும் சரி. இருவரும் ஒரே மேசையில் டீ குடிக்கலாம்.

எல்லாக் காலத்துக்கும் எல்லா எடைக்கும் சேர்த்து என்றால் ராபின்சன், கிரெப், ஆம்ஸ்ட்ராங் என்று வரிசை வைத்திருக்கிறேன். கிரெப்பின் எதிராளிகள் பட்டியல் ராபின்சனைவிடக் கனமானது என்று நினைக்கிறேன். ஆனாலும் கண்ணால் பார்க்க முடிந்தவருக்கே முதலிடம் கொடுத்திருக்கிறேன். இது என் பலவீனம், ஒப்புக்கொள்கிறேன். இந்தத் தலைமுறை ஆட்களில், 140, 147 பவுண்டு இரண்டிலும் எல்லா பெல்ட்டையும் எடுத்துவிட்டு, 2025 செப்டம்பரில் 168 பவுண்டுக்கு ஏறிப்போய் கனேலோவையும் வென்ற டெரன்ஸ் க்ராஃபோர்ட், உசிக், பேண்டமிலும் சூப்பர் பேண்டமிலும் எல்லா பெல்ட்டையும் சேர்த்த நவோயா இனோவே, இந்த மூவரையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்தத் தாளில் நான் அதிகம் அழித்து எழுதிய பெயர் எஸார்ட் சார்ல்ஸ். மிடில்வெயிட்டில் பர்லியை இரண்டு முறை, லைட் ஹெவியில் மூரை மூன்று முறை, ஹெவிவெயிட்டில் 1950-இல் லூயிஸை. லூயிஸுக்கு அப்போது 36 வயது, அதனால் அந்த வெற்றிக்குப் பாதி மதிப்பெண்தான் போட்டேன். என் வரிசையில் 12-ஆம் இடத்தில் தொடங்கினார். இப்போது ஏழில் இருக்கிறார், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு.